வளைகாப்புக்கு வீட்டிலேயே அலங்காரம்: வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது, யோசனை சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு அடுத்த மாதம் வளைகாப்பு, ஏழாம் மாதம். மண்டபம் எல்லாம் வேண்டாம், அம்மா வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் பேசி முடிவாகிவிட்டது. தஞ்சாவூரில்தான் வீடு, மாடியில், வாடகைக்கு இருக்கிறோம். ஹால் 12க்கு 14 அடி இருக்கும். சுவரில் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் குடிவந்த அன்றே சொல்லிவிட்டார், டேப் ஒட்டினாலும் பெயின்ட் உரியும். காலையிலிருந்து மதியம் வரை வந்து போகிறவர்களைச் சேர்த்தால் 60 பேர் ஆகும்.

அலங்காரத்துக்கு ஒருவரிடம் கேட்டேன். தங்கை உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு திரை, பலூன் வளைவு, தெர்மோகோல் எழுத்து, இவ்வளவுக்கும் 15,000 ரூபாய் சொன்னார். மறுநாள் எல்லாம் குப்பைக்குப் போகப் போகிற பொருளுக்கு இவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை. கையால் செய்ய எனக்கு ஆசை இருக்கிறது, சித்தி பெண்கள் இரண்டு பேர் கூட இருக்கிறார்கள், வார இறுதியில் வருவார்கள். ஆரத்தித் தட்டு, சீர்த்தட்டு, பின்னணி, வாசல் தோரணம், வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தாம்பூலப் பை, இத்தனையும் 4,000 ரூபாய்க்குள் முடியுமா? எதை முதலில் ஆரம்பிப்பது, எதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் பிடிபடவில்லை. செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

மஞ்சக்கிழங்கு:

முதலில் வாழ்த்துகள். தாராளமாக முடியும். நான் எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் தட்டு அலங்காரம் செய்கிறவள், அதனால் தட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

11 தட்டோ 21 தட்டோ, எத்தனை வைத்தாலும் எல்லாத் தட்டிலும் கைவேலை செய்யாதீர்கள். பழம், பூ, மஞ்சள் கிழங்கு, வெற்றிலை பாக்கு எல்லாம் தாமே அழகான பொருள்கள், பித்தளைத் தட்டில் வாழை இலையை வட்டமாக நறுக்கிப் போட்டு அதன்மேல் அடுக்கினாலே போதும். அதற்கு மேல் நெட் துணியையும் ரிப்பனையும் சுற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. வளையல் தட்டு, ஆரத்தித் தட்டு இந்த இரண்டில் மட்டும் உங்கள் மெனக்கெடலைக் காட்டுங்கள். வருகிற எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும், போட்டோவும் அதைத்தான் எடுப்பார்கள்.

வளையல் தட்டுக்கு அட்டைக் குழாய் வேண்டும். சமையலறை டிஷ்யூ ரோல் தீர்ந்த பிறகு வருகிற குழாய் சரியாக இருக்கும். வளையல் அளவு தெரியுமல்லவா, 2-4 என்றால் உள் விட்டம் இரண்டே கால் அங்குலம், 2-6 என்றால் அதைவிட அரைக்கால் அங்குலம் கூடுதல், 2-8 என்றால் இரண்டரை. அந்தக் கோடுக்குப் பின்னால் வருகிற எண் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. டிஷ்யூ குழாய் இதெல்லாவற்றையும்விட ஒல்லி, அதனால் அதன்மேல் பழைய பட்டுத் துணியோ வெல்வெட்டோ சுற்றிக் கொஞ்சம் பருமனாக்கினால் வளையல் ஆடாமல் நிற்கும், கண்ணாடி ஒன்றோடொன்று மோதாது. குழாயின் அடியில் ஓர் அங்குலத்தைக் கத்தரிக்கோலால் கீற்றுக் கீற்றாக வெட்டி வெளிப்பக்கம் விரித்து, வட்ட அட்டையில் ஒட்டிவிடுங்கள், கவிழாது. நடுவில் ஒரு உயரமான குழாய், சுற்றி ஐந்து குட்டைக் குழாய் என்று வைத்து, பச்சையும் சிவப்பும் மாறி மாறிப் போட்டால் கோபுரம் மாதிரி எழுந்து நிற்கும். அளவு வாரியாகத் தனித்தனிக் குழாயில் போட்டு வைத்தால் வருகிற பெண்களுக்கு எடுத்துப் போட்டுவிடவும் சுலபம். உங்கள் வழக்கத்தில் முதலில் வேப்பிலைக் காப்பு போடுவீர்கள் என்றால் அதை இந்தத் தட்டில் வைக்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தனியாக வையுங்கள், வாடாமல் இருக்கும்.

ஆரத்தித் தட்டுக்கு, தட்டின் மேலேயே ஒட்ட வேண்டாம். தட்டின் உள்ளளவுக்குக் கனமான அட்டை வெட்டி அதில் செய்து உள்ளே பொருத்திக்கொண்டால் தட்டு தட்டாகவே இருக்கும், அட்டையை எடுத்து வைத்து அடுத்த விசேஷத்துக்கும் பயன்படுத்தலாம். அட்டையில் பென்சிலால் தாமரை வரைந்துகொள்ளுங்கள். கோட்டின் மேல் ஃபெவிகால் வைத்துச் சணல் நூலை ஒட்டி வரம்பு கட்டுங்கள். இந்த வரம்புதான் முக்கியம், அது இல்லாவிட்டால் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும். அப்புறம் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக வந்தால் கை பட்டுக் கலையாது. இதழுக்கு மசூர் பருப்பு, இலைக்குப் பச்சைப்பயறு, மஞ்சளுக்குத் துவரம்பருப்பு, கறுப்புக்குத் தோல் உளுந்து, வெள்ளை முத்துக்கு ஜவ்வரிசி. சாயமே வேண்டாம், பருப்பின் நிறமே அவ்வளவு நிதானமாக இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் பருப்பை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டிவிடுங்கள், நாளாவட்டத்தில் வண்டு வராது. நிறம் மாறும் அளவுக்கு வறுத்துவிடக் கூடாது. ஒட்டி முடித்ததும் ஓர் இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே வைத்தால், வெள்ளையாகத் தெரிந்த ஃபெவிகால் காய்ந்து நிறமில்லாமல் போய்விடும்.

இது பார்வைக்கு வைக்கும் தட்டு. சுற்றுகிற ஆரத்தியைப் பித்தளையிலோ எவர்சில்வரிலோ கரையுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாக மாறுவது சுண்ணாம்பின் காரத்தால்தான், அந்தக் காரம் அலுமினியத் தட்டை அரித்துவிடும். சுண்ணாம்பு ஒரு பயறளவு போதும், அதிகம் போட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.

கொலுப்படி:

பின்னணியைப் பற்றி நான் சொல்கிறேன். ஆணி வேண்டாம், டேப் வேண்டாம், சுவரையே தொட வேண்டாம்.

7 அடிச் சவுக்குக் கம்பு இரண்டு, அதே நீளத்தில் குறுக்குக்கு ஒன்று. பந்தல் போடுகிறவர்களிடம் கேட்டால் ஒரு நாளைக்குச் சும்மாவே கூடக் கொடுப்பார்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளி காலியானது இரண்டு எடுத்துக் கம்பை நடுவில் நிறுத்தி, சுற்றி மணலை நிரப்பிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நன்றாக இடித்துவிடுங்கள். மணல் கிடைக்கவில்லை என்றால் செங்கல் துண்டுகளைச் செருகி இடுக்கெல்லாம் மண் போடலாம். மாடிக்குத் தூக்க வேண்டியிருக்கிறது, அதனால் காலி வாளியை மேலே கொண்டுபோய் அங்கேயே நிரப்புங்கள். குறுக்குக் கம்பைச் சணல் கயிற்றால் கட்டினால் சட்டம் தயார். வாளி தெரியாமல் வாழை இலையோ பழைய பட்டுத் துண்டோ சுற்றிவிட்டால் தீர்ந்தது.

திரைக்குப் புதுத் துணி எதுவும் வாங்காதீர்கள். அப்பாவின் 8 முழ வேட்டி இரண்டு எடுங்கள். 8 முழம் என்றால் 12 அடி. கம்பின் மேல் போட்டு இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டால் 6 அடி உயரத்துக்கு இரட்டைத் துணி ஆகிவிடும், பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டு, காலண்டர் எதுவும் தெரியாது. வேட்டி அகலம் 4 அடிக்குச் சற்று மேல் இருக்கும், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் உங்கள் சட்டம் நிறைந்துவிடும். கீழே அரை அடியிலிருந்து ஓர் அடி வரை இடைவெளி வரும், அங்கேதான் சீர்த்தட்டுகள் வரப்போகின்றன, அதனால் கவலையில்லை. வேட்டியைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தால் விழும் அழகே வேறு.

அதன்மேல் அம்மாவின் புடவை ஒன்று. சுங்குடியோ கண்டாங்கியோ, நல்ல அழுத்தமான நிறத்தில், பெரிய கரை உள்ளதாக. நாலு விரல் அகலத்துக்குக் கொசுவம் வைத்துக் கம்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மாலை மாதிரி தொய்வாக விட்டு, இரண்டு முனையிலும் கரை தெரிகிறாற்போல் தொங்கவிடுங்கள். பட்டுப்புடவை போட ஆசைப்பட்டால் ஊக்கு குத்தவே கூடாது, துணி கிளிப்பின் வாயில் பஞ்சோ துணியோ வைத்துக் கவ்வ விடுங்கள். பூச்சரத்தின் ஈரமும் மகரந்தமும் பட்டில் பட்டால் கறை போகாது, ஆகவே பூவை வேட்டியின் மேல் மட்டும் தொங்கவிடுங்கள்.

கிரேப் காகிதப் பூ செய்யலாம் என்று யாராவது சொன்னால், செய்யலாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காகிதம் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாயம் விடும். பன்னீர் தெளிக்கிற இடம், புடவைப் பக்கம் அது வேண்டாம். வாசல் பக்கம், மாடிப்படிக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழவாசல்காரர்:

நம்ம ஊர்க்காரர் கேட்கிறார், பதில் சொல்லாமல் போக முடியாது.

அம்மா, தெர்மோகோலை விட்டுவிடுங்கள். தஞ்சாவூரில் இருந்துகொண்டு நெட்டியை வைத்துக்கொண்டு தெர்மோகோலுக்கு ஏன் போக வேண்டும்? குளத்திலும் ஏரியிலும் வளர்கிற செடியின் தண்டு அது, தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாக இருக்கும், எடையே தெரியாது, கூர்மையான கத்தி வைத்தால் வெண்ணெயாக வெட்டுப்படும். பெரிய கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளையாகச் செய்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது நெட்டி வேலைதான், 2020ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுகிற நெட்டி மாலையும் இதே தண்டுதான். பொங்கல் நேரத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும், மற்ற நாளில் வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வைத்தால் தண்டாகவே தருவார்கள். மெல்லிய வில்லைகளாகச் சீவி, நாலைந்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் மல்லிகை மாதிரியே இருக்கும். அப்படி ஒரு சரம் கட்டி வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், தண்ணீர் மட்டும் படக்கூடாது.

தோரணத்துக்குத் தென்னங்குருத்து. மரம் ஏறுகிறவரிடம் முதல் நாள் மாலையே சொல்லி இறக்கச் சொல்லுங்கள், ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்ட விடாதீர்கள், மரம் தளர்ந்துவிடும். ஒரு குருத்திலேயே உங்கள் வாசலுக்கும் ஹாலுக்கும் வேண்டிய ஓலை கிடைக்கும். இறக்கியதும் ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் நுனி பழுத்து முறுக ஆரம்பித்துவிடும், மடித்தால் ஒடியும்.

புதிதாகச் செய்கிறவர்களுக்குச் சுலபமான தோரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு ஓலையை ஈர்க்கு நடுவில் வருகிறபடி நீளவாக்கில் மடித்தால் ஈர்க்கு ஒரு ஓரத்திலும் பிளவு மறு ஓரத்திலும் இருக்கும். பிளவுப் பக்கத்திலிருந்து ஈர்க்கை நோக்கி, விரல் அகலத்துக்கு ஒன்றாகச் சாய்வாகக் கீறிக்கொண்டே போங்கள், ஈர்க்கைத் தொடாமல் நிறுத்திவிடுங்கள். இப்போது சீப்புப் பல்லாகக் கீற்றுகள் நிற்கும். ஒன்று விட்டு ஒன்றாகக் கீற்றை உள்பக்கம் வளைத்து மடிப்புக்குள் செருகினால், ஒரு கீற்று தொங்கும், ஒன்று வளைந்து முடிச்சாக நிற்கும். அவ்வளவுதான், முதல் இரண்டு ஓலைக்குத்தான் நேரம் ஆகும், பிறகு பேசிக்கொண்டே செய்யலாம். ஓலையின் தலைப்பைக் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, ஒரு துண்டு ஈர்க்கால் குத்திப் பூட்டிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் போடாதீர்கள், காய்ந்ததும் பின் கழன்று தரையில் விழும், குழந்தைகள் ஓடுகிற இடம். நடுநடுவே மாவிலைக் கொத்து வந்தால் வெளிர்மஞ்சளும் பச்சையும் சேர்ந்து கண்ணை நிறைக்கும். வீட்டுப் பெரியவர்களை ஒரு முறை கேட்டுவிட்டுக் கட்டுங்கள், மங்கலத்துக்குக் கட்டுகிற விதம் வேறு, மற்றதற்குக் கட்டுகிற விதம் வேறு என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

தலையாட்டி பொம்மை வீட்டில் இருக்கிறதா? ராஜா ராணி ஜோடி ஒன்றைத் திரையின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு முக்காலி போட்டு வையுங்கள். தஞ்சாவூர் வீட்டு விசேஷம் என்று சொல்லாமலே தெரியும்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி, சித்தி பெண்களுக்கும் அனுப்பிவிட்டேன். வேட்டி யோசனையை அப்பாவிடம் சொன்னதும் இன்றைக்கே பெட்டியைத் திறந்து எடுத்து வைத்துவிட்டார்!

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, தங்கைக்குப் பெயின்ட் வாசனையே ஆகவில்லை, அவள் இங்கேதான் இருக்கிறாள், அதனால் எதைச் செய்தாலும் வாசனை வராத மாதிரி இருக்க வேண்டும். இரண்டு, மாப்பிள்ளை வீட்டில் அவள் பெயரை எழுத்தாக வைக்கச் சொல்கிறார்கள், தெர்மோகோல் இல்லாமல் எப்படி? மூன்று, அத்தை மணையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்கிறார், அம்மா நாற்காலி என்கிறார். பெரிய விவாதமே நடக்கிறது.

மஞ்சக்கிழங்கு:

எழுத்துக்கு அட்டைப்பெட்டி போதும். மிக்ஸி, கிரைண்டர் வந்த பெட்டியின் இரட்டை அட்டையில் ஓர் அடி உயர எழுத்தாக வெட்டுங்கள். தமிழ் எழுத்தில் வையுங்கள், வளைவும் சுழியும் பூ ஒட்ட அவ்வளவு தோதாக இருக்கும். மெல்லிய கோட்டில் எழுதாமல் மூன்று விரல் பருமனுக்கு எழுதி வெட்டினால் துவளாது, பின்னால் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. மேலே கைவசம் இருக்கும் துணியை ஒட்டிவிட்டு, ஓரம் முழுக்க நெட்டி வில்லையோ செவ்வந்தி இதழோ வைக்கலாம்.

பசைக்கு மைதா காய்ச்சிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிளறினால் போதும். வாசனை கிடையாது. பழைய ஆட்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், கர்ப்பிணியும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஸ்பிரே பெயின்ட், எனாமல், தின்னர், செருப்புக் கடையில் ஒட்டுகிற அந்த மஞ்சள் பசை, இந்த நாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. நிறம் தேவைப்பட்டால் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வாங்குங்கள், சின்ன டப்பா போதும், மொட்டை மாடியில் வைத்து அடித்துக் காய்ந்த பிறகு கீழே கொண்டுவாருங்கள்.

எதை முதலில் என்று கேட்டிருந்தீர்களே. பருப்பு ஒட்டுகிற தட்டு, எழுத்து, வளையல் குழாய், பை, இதெல்லாம் கெடாத வேலை, இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். சட்டத்தை இரண்டு நாள் முன்னால் நிறுத்தி ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓலையும் பூவும் மட்டும் முதல் நாள் இரவுக்கு. அன்று காலையில் கோலம், ஆரத்தி, இதற்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் குளித்துப் புடவை கட்ட வேண்டும்.

சுருக்குப்பை:

தாம்பூலப் பையை யாரும் தொடவில்லை, அது என் வேலை. கடையில் தங்க நிறத்தில் பிளாஸ்டிக் பை விற்கிறார்கள், வாங்காதீர்கள். ரவிக்கைத் துணியில் சுருக்குப்பை தையுங்கள், கொடுத்தவர்களின் ஞாபகம் வீட்டில் பல வருஷம் இருக்கும், நகை போடுவார்கள், சில்லறை போடுவார்கள்.

கணக்கு சொல்கிறேன். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி, அகலம் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் உள்ள துண்டு 8 கிடைக்கும். ஆகவே 60 பைக்கு 8 துணி, நாலு பை மீதம். விசேஷங்களில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி எல்லார் வீட்டுப் பீரோவிலும் அடுக்காக இருக்கும், அம்மா, சித்தி, அத்தை மூவரிடமும் கேட்டாலே 8 தேறிவிடும். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு நிறமாக இருந்தால் தாம்பாளத்தில் குவித்து வைக்கும்போது அதுவே ஓர் அலங்காரம்.

துண்டை நீளத்தில் இரண்டாக மடித்தால் 7க்கு 9. நல்ல பக்கம் உள்ளே இருக்கட்டும். பக்கவாட்டில் தைக்கும்போது மேலிருந்து இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே அரை அங்குலம் உள்தள்ளித் தையல் போடுங்கள். அந்தத் திறந்த பகுதியின் ஓரத்தைச் சின்னதாக மடித்துத் தைத்துவிட்டு, மேல் விளிம்பை ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால் நாடா போகும் பாதை வந்துவிடும். இரண்டு நாடா வேண்டும், ஒன்றை இடப்பக்கத்திலிருந்து விட்டு முழுதாகச் சுற்றி இடப்பக்கமே எடுத்து முடியுங்கள், இன்னொன்றை வலப்பக்கத்திலிருந்து அதே மாதிரி. இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். ஒற்றை நாடாவில் அது சரியாக மூடாது. நாடா முனையில் உடைந்த முத்து மாலையிலிருந்து ஒரு மணி கோத்துவிடுங்கள்.

தேங்காய் இதில் நுழையாது, அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், ஒரு டஜன் வளையல் என்று வைத்தால் கச்சிதம். வளையலைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள், பஸ்ஸில் போகிறவர்கள் மடியில் வைத்து நசுக்கிவிடாமல் இருக்க.

கொலுப்படி:

மணையா நாற்காலியா என்பதற்கு என் கருத்து: நாற்காலிதான். ஏழாம் மாத வயிற்றோடு தரையில் இருக்கிற மணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பெரியவருக்கும் எழுந்து வணங்கி மறுபடியும் உட்காருவது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சிரமம். மணையை விட வேண்டாம், நாற்காலிக்கு முன்னால் போட்டு அவள் கால் வைத்துக்கொள்ளட்டும், அத்தைக்கும் மனக்குறை இருக்காது. மணையில் செங்கல் நிறம் ஒரு கோட் அடித்து, மேலே வெள்ளையில் படிக்கோலம் போடுங்கள், அக்ரிலிக் என்றால் அழியாது, வழுக்காது. ஹால் டைல்ஸ் தரையில் அரிசி மாவை அரைத்து இழைக்கோலம் போட்டால் ஈரம் இருக்கும் வரை வழுக்கும், காய்ந்ததும் காலில் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் மாக்கோலத்தை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைப்பிடி உள்ள, முதுகு நேராக இருக்கிற நாற்காலியாக எடுங்கள். முதுகில் பூ வைத்துக் கட்டாதீர்கள், சாய முடியாது. பூவையெல்லாம் பின்னால் இருக்கிற திரையில் கட்டினால் போட்டோவில் ஒன்றாகத்தான் தெரியும்.

காவிரித்தண்ணி:

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தேதி முகூர்த்த நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கேயோ போய்விடும், 4,000 ரூபாயில் பாதியை அதுவே தின்றுவிடும். திரைக்கு மல்லிகை தேவையே இல்லை. செண்டுமல்லியும் செவ்வந்தியும் கிலோவாக வாங்கி, கோணி ஊசியில் நூல் கோத்து நீங்களே கோத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் பூக்காரத் தெருவுக்குப் போனால் உதிரியாகவே வாங்கலாம். காம்பைக் கிள்ளிவிட்டு நடுவில் குத்திக் கோத்தால் பூ நெருக்கமாக நிற்கும், நாலு பூவுக்கு ஒரு மாவிலையை மடித்துக் கோத்தால் பூவும் குறைவாகச் செலவாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். நெருங்கின வாசனை கர்ப்பிணிக்குச் சில சமயம் தலையைச் சுற்றும், அதற்கும் இதுதான் நல்லது. மல்லிகை தலைக்கு மட்டும் இருக்கட்டும்.

நெட்டியைப் பற்றி மேலே ஐயா சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனால் முதல் தடவை கத்தி பிடிக்கிறவர்கள் தண்டை மெல்லியதாகச் சீவுவது கஷ்டம், சிதறிவிடும். நாள் குறைவாக இருக்கிறது, ஆகவே சீவிய பூவாகவே வாங்கிக்கொண்டு கட்டுகிற வேலையை மட்டும் நீங்கள் செய்யலாம் என்பது என் எண்ணம்.

கீழவாசல்காரர்:

ஒப்புக்கொள்கிறேன், நாள் இருந்தால்தான் சீவிப் பழகலாம். வாங்கிக் கட்டுங்கள், செய்கிறவருக்கும் நாலு காசு போகும்.

வெண்ணாற்றங்கரை:

அத்தை சரி என்று சொல்லிவிட்டார்! மணை காலுக்கு, நாற்காலி உட்கார. ரவிக்கைத் துணி இதுவரைக்கும் 11 சேர்ந்துவிட்டது, பச்சையில் மட்டும் மூன்று. இன்று ராத்திரி மசூர் பருப்புத் தட்டு ஆரம்பிக்கிறோம். கடைசியாக ஒன்று: இரண்டு குத்துவிளக்கை வேட்டித் திரைக்கு இரண்டு பக்கமும் வைக்கலாமா?

கொலுப்படி:

திரைக்குப் பக்கத்தில் கூடாது. பருத்தித் துணி, காய்ந்த ஓலை, மேலே மின்விசிறி, மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. விளக்கைத் திரையிலிருந்து குறைந்தது மூன்றடி முன்னால், நாற்காலிக்கு வலப்பக்கம் ஒரு முக்காலியில் வையுங்கள், ஒன்று போதும். நலங்கு வைக்கிற பெண்களின் முந்தானை போகிற வழியில் அது இருக்கக் கூடாது, எனவே அவர்கள் இடப்பக்கமாக வந்து இடப்பக்கமாகவே திரும்பட்டும். தலையாட்டி பொம்மை வைக்கிற இடத்தில் இன்னொரு விளக்கு வேண்டும் என்று தோன்றினால் திரி போடாமல் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றி, மேலே செவ்வந்தி மிதக்க விடுங்கள்.